மேரு (கிள்ளான், மலேசியா), வேம்படிக் குறிப்புகள்

கோயில் வேம்பில் நாலு காக்கை. கீழே சேறு. நேற்றும் மழை.

வேருக்கடியில் நீர் தேங்கினால் வேம்புக்கு ஆகாது. மேருவில் தேங்காத இடம் ஏது? இருந்தும் மாரியம்மன் கோயிலுக்கு ஒன்று நிற்கிறது. இலைக்காக.

கிள்ளானில் ஆண்டு மழை 2,000 மி.மீட்டருக்கு மேல். அத்தை இருக்கும் ராமநாதபுரத்தில் சுமார் 800. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும்.

மிச்ச மாதமெல்லாம் முள்.

உடை மரம், விடத்தேரை, சூரை, காரை, கள்ளி. பேரை வரிசையாகச் சொன்னாலே நா வறள்கிறது.

வேம்பில் இருக்கும் வீட்டுக் காக்கை இந்த ஊர்ப் பறவை இல்லை. 1890களின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று.

காப்பி போயிற்று. ரப்பர் வந்தது. அப்புறம் செம்பனை, அப்புறம் தாமான் என்னும் குடியிருப்பு. காக்கை மட்டும் போகவில்லை.

(அந்தத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்று தனியாக எழுத வேண்டுமா என்ன.)

குயில் முன்பெல்லாம் இங்கே வலசை வந்து திரும்பும். இப்போது தங்கி முட்டையிடுகிறது. காக்கைக் கூடு கிடைத்துவிட்டதே.

கிள்ளானில் காக்கை சுடத் துப்பாக்கியோடு ஆள் வைத்தார்கள். விழுந்ததை எண்ணியிருப்பார்கள். குயில் குஞ்சு வாய் பிளந்து காத்திருந்த கூடு எத்தனை?

பக்கத்து வீட்டு அக்காவின் தொட்டிக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சியாம். மருந்து அடிக்கிறார்.

கள்ளிப் பூச்சிக்கு ஒரு பழங்கதை உண்டு. 1795இல் சாயப்பூச்சி என்று நம்பி பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம். சாயம் தேறவில்லை. ஆனால் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. 1863இல் அதையே தெற்கே கொண்டுபோய் வேண்டுமென்றே விட்டார்கள். 1865இல் இலங்கையிலும்.

ஒரு வகைக் கள்ளியைத்தான் தின்றது. இன்னொன்றைத் தொடவில்லை. அதற்கு 1926இல் வேறு பூச்சி. கள்ளியும் அமெரிக்கா, பூச்சியும் அமெரிக்கா. நிலம் மட்டும் நம்முடையது.

அந்த நிலத்துப் பூச்சி தம்பலப்பூச்சி. சிவப்பு வெல்வெட். முதல் மழைக்கு மண்ணிலிருந்து வெளியே வரும். ஈசலும் அப்போதுதான் கிளம்பும். தம்பலப்பூச்சி ஈசலைத் தின்னும்.

இங்கே மேருவில் முதல் மழை என்று ஒன்று கிடையாது. ஈசல் எந்த மாதமும் வரும். விளக்கை அணைக்க வேண்டியதுதான்.

அந்தப் பக்கத்து இன்னோர் உயிர் தேவாங்கு. தமிழ்நாட்டில் கடவூர். 2022இல் தேவாங்குக்கு என்றே சரணாலயம். 11,806 ஹெக்டேர், கரூரும் திண்டுக்கல்லுமாக. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளை கிளையாகப் பிடித்து நடக்கும். குறுக்கே சாலை வந்தால் இறங்கியாக வேண்டும்.

2014 தொடக்கத்தில் அங்கே போல இங்கே கிள்ளான் பக்கமும் மழை பொய்த்து, தண்ணீர் முறை வைத்து விட்டார்கள். வாளிகள் வாசலில். எங்களுக்குத்தான் பழக்கமில்லை.

மறுபடி தமிழ்நாட்டு முள். கோடியக்கரையில் வெளிமான் சீமைக்கருவேலங்காயைத் தின்கிறது. விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. முளைத்தது புல்வெளியை மூடுகிறது. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி.

ஆடும் அப்படித்தான். கிடை போட்ட வயலில் உரத்தோடு முள்ளும் சேர்ந்து கிளம்பும்.

சீமைக்கருவேலத்தை வெட்டு என்கிறார்கள். ராமநாதபுரத்தில் பல வீடுகளில் உலை கொதிப்பது அதைக் கரியாக்கி விற்ற காசில்.

மூட்டைக் கரி இப்போது என்ன விலை? முதுகுளத்தூர் அத்தையிடம் வாட்ஸப்பில் கேட்க வேண்டும்.