படம் பார்க்க ஆள் போதவில்லை

மால்மோ, சுவீடன்

நாற்பது வயதைத் தொட்ட பெண்களுக்குச் சுவீடனில் வீடு தேடி அழைப்பு வரும். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான தேதியும் நேரமும் அதில் இருக்கும். 74 வயதுவரை, ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படி அழைக்கிறார்கள். 2016 ஜூலை முதல் கட்டணமும் கிடையாது.

மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படம் எடுப்பது சில நிமிட வேலை. எடுத்த படத்தைப் பார்க்கத்தான் ஆள் போதவில்லை. ஐரோப்பிய வழக்கப்படி ஒவ்வொரு மேமோகிராமையும் இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆயிரம் பெண்களில் ஐந்தாறு பேருக்கே நோய் தென்படும். மற்றவர்களின் படங்களையும் அதே கவனத்தோடு பார்த்தாக வேண்டும்.

லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா லோங் தலைமையிலான 'மசாய்' ஆய்வு 2021 ஏப்ரலில் இங்கே தொடங்கியது. 80,000க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய முறை. மறுபாதியின் படங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று முதல் பத்துவரை அபாய மதிப்பெண் போட்டது. பத்து விழுந்தால் இரு மருத்துவர்கள், குறைந்தால் ஒருவர். மருத்துவர் பார்க்காமல் ஒரு படமும் போகவில்லை. இந்த ஆய்வின் உயிரே அதுதான்.

2023இல் வெளிவந்த முடிவு வியக்க வைத்தது. பழைய முறையில் 83,231 முறை படங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. புதிய முறையில் 46,345. ஏறக்குறைய 44 விழுக்காடு வேலை மிச்சம். கண்டறிந்த புற்றுநோயோ 203க்கு எதிராக 244! தேவையின்றி பயமுறுத்தித் திருப்பி அழைத்ததும் கூடவில்லை.

ஆட்குறைப்புக்கு இதை யாரும் சாக்காக்கக் கூடாது. கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று 2016இல் செயற்கை நுண்ணறிவு அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று நிலைமை என்னவாகியிருக்கும்? தோளைத் தளர்த்தச் சொல்லி, மார்பகத்தை இரு தகடுகளுக்கிடையே சரியாகப் பொருத்தி, வலிக்கிறதா என்று கேட்கும் செவிலியரின் வேலையை எந்த மென்பொருளும் செய்யவில்லை. சந்தேகத்துக்குரிய இடத்தில் ஊசி போட்டுத் திசு எடுப்பதும், முடிவை எதிரே உட்கார்ந்து சொல்வதும் மருத்துவரின் பொறுப்பே. மிச்சமான நேரம் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆய்வில் இருந்தது ஒரே வகைக் கருவி, ஒரே மென்பொருள். பெண்களின் இனப் பின்னணி பதிவாகவில்லை. ஆகவே இப்படியொரு மென்பொருளை வாங்க நினைக்கும் நம்மூர் மருத்துவமனைகள், முதலில் நம்மூர்ப் பெண்களின் படங்களில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.