இதயம் எழுப்பும் காந்தம்

திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் 1837ஆம் ஆண்டில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1852இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் புரௌன், புவியின் காந்தப்புலத்தில் நேரும் சிறு மாற்றங்களைப் பல ஆண்டுகள் சலியாது அளந்தார். தமிழர் பொதிகை எனப் போற்றும் அகத்தியமலையின் உச்சியிலும் அவர் கருவிகளை அமைத்தார். இந்நகர் புவியின் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், இங்கு எடுத்த அளவுகள் சிறப்புப் பெற்றன.

புவியைப் போலவே மனித இதயமும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மின்னோட்டம் பாயும் இடத்தைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும் என்பது இயற்பியல் விதி. இதயத்தசை துடிக்கும்போதெல்லாம் அதில் மெல்லிய மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலமோ, புவிக்காந்தப்புலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஆகும். அதனை அளப்பது, பறையொலிக்கு நடுவே எறும்பின் நடையைச் செவியுறுவது போன்றது.

1963இல் அமெரிக்க அறிஞர்கள் பௌல், மக்ஃபீ இருவரும், லட்சக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள்களால் இதயத்தின் காந்தப்புலத்தை முதன்முதலில் பதிவு செய்தனர். தமிழ்நாட்டில், கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் இத்துறையில் அரும்பணி ஆற்றியுள்ளனர். 'ஸ்குவிட்' என்னும் மீகடத்தி உணரிகளை உருவாக்கி, அவற்றில் 37 உணரிகள் கொண்ட கருவியை அமைத்தனர். அவ்வுணரிகள் −269 செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருந்தே இயங்கும். புறக்காந்தம் புகாதவாறு காப்பிட்ட அறையில் படுத்திருப்பவரின் மார்பை அக்கருவி தொடுவதில்லை. மின்முனைகளை ஒட்டவும் தேவையில்லை.

இத்தனை முயற்சி எதற்கு? கருவிலிருக்கும் குழந்தையை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஏழாம் மாதத்தையொட்டி, குழந்தையின் தோல்மீது வெண்ணிறப் பசைப்படலம் ஒன்று படர்கிறது. அது இதயத்தின் மின்குறிகள் வெளிவருவதைப் பெரிதும் தடுக்கிறது. ஆனால் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. ஆகவே, பிறவாத குழந்தையின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறினால், அதன் தன்மையைக் காந்தப்பதிவு தெளிவாகக் காட்டும். தாய்க்குத் தரும் மருந்தின் வழியே சேய்க்கு மருத்துவம் செய்யவும் அத்தெளிவு துணைபுரியும்.

திரவ ஹீலியத்திற்கும் காப்பறைக்கும் ஆகும் பெருஞ்செலவே இன்றைய தடை. ரூபிடியம் ஆவியைக் கொண்டு இயங்கும் புதிய உணரிகளுக்கு அக்கடுங்குளிர் வேண்டியதில்லை. அவை எளிய விலையில் கிடைக்கும் காலத்தில், சிற்றூர்த் தாய்மாரும் தம் குழந்தையின் இதயநலத்தை முன்னரே அறிவர்.