போன் மலைக்குப் போயிருச்சு... பாடம்? - போடி ஏலமலைச் சரிவில் ஒரு வகுப்பறைப் பயணம்!

காலை ஐந்தரை மணி. போடிநாயக்கனூர் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. ஜீப்புகள் மட்டும் விழித்துவிட்டன. கையில் தூக்குவாளி, தலையில் கட்டிய துண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்துவைத்த பிளாஸ்டிக் தாள் என்று வண்டி வண்டியாகப் பெண்கள். மலைக்கு மேலே கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். இருட்டும் நேரத்தில்தான் திரும்பி வருவார்கள்.

பள்ளிக்கூடங்களில் டிஜிட்டல் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதத்தான் நான் போடிக்கு வந்திருந்தேன். ஜீப்பில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "உங்க பொண்ணு போன்ல பாடம் பார்க்குமாக்கா?"

சிரித்துவிட்டார். "எந்த போன்ல தாயி? இருக்கறதே ஒண்ணு. அதுவும் எங்கூட மலைக்கு வந்துருதே!"

முந்தானையில் முடிந்திருந்த போனைத் தொட்டுக் காட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

கொரோனா காலத்தில் என் டிப்ளமோ வகுப்புகளில் பாதியை நான் போனில்தான் படித்தேன். நெட் விட்டு விட்டு வந்ததுதான் அப்போது என் பெரிய கவலை. வீட்டில் போனே இருக்காது, அது காலையில் வேலைக்குப் போய்விடும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சரக்குக்கு முதலில் வந்த தொழில்நுட்பம்

ஏலக்காய் நகரம் என்று பெயரெடுத்த போடியில், நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரி ஏலக்காய் கைக்கு வரும். நிறம் பார்த்து, பருமன் பார்த்து, பட்டனைத் தட்டினால் விலை ஏறும். எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இதேபோல் ஒரு மையம் உண்டு. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது அன்றைக்குப் பெரிய செய்தி.

இந்த மலையின் பழைய கதையும் இதே மாதிரிதான். நூறு வருடங்களுக்கு முன்பு மூணாறு தேயிலை, மலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கும். பிறகு போடிக்கு மாட்டு வண்டி. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

சரக்கைக் கீழே இறக்க அன்றைக்கே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பாடத்தை மேலே ஏற்றும் வேலை இப்போதுதான் நடக்கிறது.

17 வளைவுகள், இரண்டு டி.வி-க்கள்

முந்தலில் சாலை பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, இன்னொன்று போடி மெட்டுக்கு. நான் முதலில் மெட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலுக்கு வெளியே போடி சின்னதாகிக்கொண்டே போக, என் போனில் சிக்னல் கோடும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும், 'கேரளத்துக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு மெசேஜ் வந்தது.

கொரோனாவின்போது இந்த மலையின் இரு பக்கமும் பாடம் நடத்தியது டி.வி-தான். கீழே நம் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது, அடுத்த ஆண்டே வகுப்பறையாக மாற வேண்டியிருந்தது. மேலே கேரள அரசின் விக்டர்ஸ் சேனல். கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் விண்ணுக்குப் போனது. அதைப் பயன்படுத்திய விக்டர்ஸை 2005 ஜூலையில் தொடங்கிவைத்தவர், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம்.

2020 ஜூன் 1-ல் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. அதில் தமிழ்வழிப் பாடங்களும் வந்தன. இடுக்கியின் தோட்டப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அங்கே படிப்பதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய தொழிலாளர்களின் பேரன், பேத்திகள்.

பூப்பாறையில் டீக்கடைக்கார அண்ணனிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "டி.வி-ல டீச்சர் நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. ஆனா எம்பையன் ஒரு சந்தேகம் கேட்டா, டி.வி பதில் சொல்லுமா? நாங்க ரெண்டு பேரும் வேலையில. விளம்பரம் வந்ததும் சேனலை மாத்திருவான்" என்றார்.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. கேரளத்தின் சின்ன வகுப்புப் பிள்ளைகள் திரும்பியதும் அதே நாள்தான். இடையில் ஓடியது 19 மாதங்களுக்கும் மேல். ஜீப்பில் பார்த்த அக்காவின் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி மூடியது. திரும்பிப் போகும்போது அவள் மூன்றாம் வகுப்பு.

ஒன்பது நிமிட வீடியோ, நாற்பது நிமிடப் பாடம்

மறுநாள் குரங்கணி சாலை. அதை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் காத்திருந்தார். "ஊர் பேரும் வேணாம், என் பேரும் வேணாம்மா. பிள்ளைங்களைப் பத்தி எழுதுங்க, போதும்" என்றார்.

நம் மாநிலப் பாடப் புத்தகங்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை 'திக்‌ஷா' செயலியால் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2023-ல் 'மணற்கேணி' செயலியும் வந்துவிட்டது. ஆனால், ஸ்கேன் செய்ய முதலில் சிக்னல் வேண்டுமே?

சார் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போடியில் தன் வீட்டு வைஃபையில் அந்த வாரத்துப் பாடங்களை டவுன்லோடு செய்துகொள்கிறார். திங்கட்கிழமை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறுகிறார். மழைக்காலத்தில் கரன்ட் போனால் பேட்டரி இருக்கும் வரைக்கும் பாடம். அதுவும் தீர்ந்தால் கரும்பலகை.

அன்றைக்கு ஒளிச்சேர்க்கை பாடம். வீடியோ ஒன்பது நிமிடம். வகுப்பு முடிய நாற்பது நிமிடம் ஆனது. காரணம், முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி.

திரையில் சூரியகாந்தி வெயிலில் தகதகவென்று நின்றது. 'தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன' என்று குரல் சொன்னதும் அவள் எழுந்துவிட்டாள்.

"சார், ஏலச்செடிக்கு வெயிலே ஆகாதே. எங்கம்மா வேலை பாக்குற தோட்டம் பூரா நிழலாத்தான் இருக்கும். அப்ப அது எப்பிடி சார் சாப்பாடு செய்யும்?"

சார் வீடியோவை நிறுத்தினார். எல்லோரையும் வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனார். இலைகளுக்கு நடுவே தரையில் விழுந்த வெளிச்சப் பொட்டுகளைக் காட்டினார். "நிழல்னா இருட்டு இல்ல. பெரிய மரம் சலிச்சு அனுப்புற இந்த வெளிச்சமே ஏலச்செடிக்குப் போதும். அதுக்கு மேல போனா இலை கருகிரும்." பிள்ளைகள் அந்தப் பொட்டுகளுக்குள் கையை நீட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் வீடியோ மறுபடி ஓடியது. இந்த முறை எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள்.

"இலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் படம் போட்டுக் காட்டினா புரியாதும்மா. வீடியோ அதை அழகாக் காட்டுது. ஆனா ஏலச்செடியைப் பத்திக் கேட்டா அதுக்குத் தெரியாது. அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் சார்.

எனக்கு அந்த வகுப்பிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இந்தச் சரிவில் டிஜிட்டல் பாடத்தை வீட்டுப் போனை நம்பி விட்டால், அது காலை ஐந்தரைக்கே ஜீப் ஏறிவிடும். சிக்னலை நம்பினால் மலையில் பாதியிலேயே நின்றுவிடும். பள்ளிக்குள் ஒரு திரை, முன்கூட்டியே இறக்கிய பாடம், வீடியோவை நிறுத்திப் பதில் சொல்ல ஓர் ஆசிரியர். மூன்றும் சேர்ந்தால்தான் பாடம் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது. பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் தன்னார்வலர்களை மாலையில் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவைத்த திட்டம்தான்.

உங்கள் வீட்டிலும் செய்யலாம்

சார் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லும் யோசனைகள் இவை. வைஃபை கிடைக்கும் இடத்தில் பாட வீடியோக்களை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். 'திக்‌ஷா'வில் நெட் இல்லாமலே பார்க்கலாம். புதுப் போன் வாங்கினால் பழசை விற்காமல், சிம் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கென்று வீட்டில் வையுங்கள். பிள்ளை வீடியோ பார்க்கும்போது பத்து நிமிடமாவது பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "என்ன பார்த்த, எனக்குச் சொல்லு" என்று கேட்டாலே போதும்.

ஊருக்குக் கிளம்பும் முன், மாலையில் மறுபடி ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். அதே அக்கா இறங்கினார். கை முழுக்க ஏலக்காய் வாசம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் காத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தூக்குவாளியை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையை நீட்டினாள். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனைக் கொடுத்தார்.

"சார்ஜ் பன்னெண்டுதான் இருக்கும்மா" என்றாள் அவள்.

"வீட்ல போட்டுக்கலாம், நட" என்றார் அம்மா.