கீழ்க்கட்டளையில் 60 ஃபிரேம்!

பல்லாவரத்தில் இருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி ரோட்டில் வண்டியை விரட்டினால், மேம்பாலத்தில் ஏறி இறங்கி 'விர்ர்ர்'ரென்று போய்விடுவீர்கள். பாலத்துக்குக் கீழே ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அந்த ஊர்தான் பாஸ், நம்ம கீழ்க்கட்டளை!

முன்பு பல்லாவரம் நகராட்சி. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி பிறந்ததும் அதற்குள் வந்துவிட்டது. பீச் கிடையாது, கோட்டை கிடையாது, செல்ஃபி ஸ்பாட் கிடையாது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மாடி ஜன்னலில் நீல வெளிச்சம் தெரியும். கூடவே ஒரு குரல்... "டேய், லேக் அடிக்குதுடா!"

எல்லாருக்கும் ஒரே பிரச்னை. கேம் பெருசு, லேப்டாப் சிறுசு. எல்லாரும் யோசிக்கிற தீர்வும் ஒன்றுதான். "அப்பா, புது லேப்டாப் வேணும்!" கேமிங் லேப்டாப் என்று பெயர் போட்டு வருவதெல்லாம் அரை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். வீட்டு லோன், தங்கச்சி ஃபீஸ், உங்க செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் வரிசையில் நிற்கும் வீட்டில் அது சின்ன டயலாக் இல்லை.

அந்த டயலாக்கை விடுவதற்கு முன்னாடி, இந்த ஊரை என்னோடு ஒரு ரவுண்டு வாங்க. கேமோட செட்டிங்ஸ் மெனு ஏன் அப்படி இருக்குன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல மேப் கிடைக்காது!

முதல் ஸ்டாப்: சிக்னல்

பாலத்துக்குக் கீழே இறங்குங்க. மடிப்பாக்கம் பக்கமிருந்து மேடவாக்கம் போகிற மெயின் ரோடு ஒரு பக்கம். அதை வெட்டிக்கொண்டு போகிற 200 அடி ரோடு இன்னொரு பக்கம். போதாததற்கு மெட்ரோ ரயில் வேலை. மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கப் போகிற ஐந்தாவது வழித்தடத்தில் கீழ்க்கட்டளைக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு. அந்த வேலைக்காக ரோடு சுருங்கிய இடத்தில் பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, நம்ம டூ வீலர் எல்லாமே ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும்.

இங்கே நின்னு ஒரு கேள்வி. 200 அடி ரோட்டை 400 அடியாக்கினால் இந்த நெரிசல் குறையுமா? ம்ஹூம்! முட்டுகிற இடம் இது. இதைச் சரி பண்ணாமல் வேறெங்கே காசைக் கொட்டினாலும் வேஸ்ட்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். திரையில் வருகிற ஒவ்வொரு ஃபிரேமையும் ரெண்டு பேர் சேர்ந்து தயாரிக்கிறாங்க. எதிரி எங்கே ஓடுகிறான், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போடுபவர் பிராசஸர். அதைப் படமாக வரைபவர் கிராபிக்ஸ் சிப். நொடிக்கு 60 ஃபிரேம் வேணும்னா, ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிற டைம் வெறும் 16.7 மில்லி செகண்ட். 30 ஃபிரேம் போதும்னா 33.3 மில்லி செகண்ட். ரெண்டு பேரில் ஒருத்தர் லேட்டானாலும் மொத்த ஃபிரேமும் லேட்!

யார் லேட் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஈஸி. ரெசல்யூஷனை மட்டும் 1920-க்கு 1080-ல் இருந்து 1280-க்கு 720-க்குக் குறைங்க. முன்னதில் வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600. பின்னதில் 9,21,600. வரைகிறவரின் வேலை பாதிக்கும் கீழே போயிடுச்சு. ஃபிரேம் எண்ணிக்கை எகிறினால், முட்டுகிற இடம் கிராபிக்ஸ் சிப். பெருசா எதுவும் அசையலையா? அப்போ பெரும்பாலும் பிராசஸர்தான் மூச்சு வாங்குது.

பிராசஸர் என்றால், கூட்டத்தின் அளவு, எவ்வளவு தூரம் வரை காட்சி தெரியணும் என்கிற செட்டிங்குகளைக் குறைங்க. பின்னாடி திறந்து கிடக்கிற இருபது பிரவுசர் டேப்பையும் மூடுங்க. கிராபிக்ஸ் என்றால் முதலில் கை வைக்க வேண்டியது ஷேடோ. நிழல்களை 'அல்ட்ரா'வில் இருந்து 'மீடிய'த்துக்கு இறக்கினால், ஓடுகிற ஓட்டத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சிப்புக்குப் பெரிய நிம்மதி. அடுத்து ரிஃப்ளெக்‌ஷன், புகை மூட்டம், ஆம்பியன்ட் அக்லூஷன். மோஷன் ப்ளர், ஃபிலிம் கிரெய்ன் ரெண்டையும் அணைச்சுட்டா படம் தெளிவாகவும் ஆகும்.

ரெண்டாவது ஸ்டாப்: ஏரி

ரோட்டை ஒட்டியே கீழ்க்கட்டளை ஏரி. இந்த ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகணும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. காலங்காலமா இருக்கிற சங்கிலி அது. போகிற வழியை ரோடும் வீடும் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும் என்று 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னைப் புறநகர் முழுக்கப் பார்த்தாச்சு.

கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயும் ஒரு ஏரி இருக்கு. அதுக்குப் பேர் வி-ராம். சுவரில் இருக்கிற செங்கல், சட்டையில் இருக்கிற மடிப்பு, மண், புல் இதோட படங்களெல்லாம், அதாவது டெக்ஸ்ச்சர்கள், அங்கேதான் தேங்கி நிற்கும். ஏரி கொள்ளுகிற வரைக்கும் டெக்ஸ்ச்சரை 'ஹை'யில் வெச்சாலும் வேகம் பெருசா குறையாது. இது நிறைய பேருக்குத் தெரியாத ரகசியம்! ஆனால் ஏரி நிறைஞ்சு வழிஞ்சா, மிச்சம் எல்லாம் சாதாரண ராமுக்கு ஓடும். அது மெதுவான ஏரி. அங்கிருந்து ஒவ்வொன்றாக இழுத்துட்டு வர்றதுக்குள்ள கேம் 'டக்... டக்...'ன்னு நின்னு நின்னு போகும்.

அதனால் எல்லாத்தையும் 'லோ'வில் போட்டுட்டு, பார்க்கச் சகிக்கலையேன்னு புலம்ப வேணாம். டெக்ஸ்ச்சரை மட்டும் ஒரு படி ஏத்திப் பாருங்க. நிறைய கேம்களின் மெனுவிலேயே இவ்வளவு வி-ராம் செலவாகுதுன்னு ஒரு கோடு காட்டும். அந்தக் கோடு சிவப்பாவதற்கு முன்னால் நிறுத்திக்கோங்க. அழகும் மிஞ்சும், வேகமும் மிஞ்சும்.

மூணாவது ஸ்டாப்: மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்

இந்தப் பக்கம் வாடகைக்கு ரூம் எடுக்கிற பசங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேல் மாடிதான். மே மாசம் பக்கத்து மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில், கான்க்ரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்த ரூமில், மெத்தை மேல லேப்டாப். அதுக்கு அடியில் தலையணை. மூச்சு விடுகிற ஓட்டை மொத்தமும் அடைப்பு!

சிப் ஓர் அளவுக்கு மேல் சூடானால், தன்னைக் காப்பாத்திக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். முதல் பத்து நிமிஷம் சூப்பரா ஓடின கேம் அப்புறம் இழுக்குதுன்னா, பெரும்பாலும் காரணம் செட்டிங் இல்லை, சூடு! லேப்டாப்பை மேஜைக்கு மாத்துங்க. பின்பக்கம் ரெண்டு புத்தகத்தை அண்டை கொடுத்துத் தூக்குங்க (செமஸ்டர் புத்தகம் ஒருவழியா யூஸ் ஆகட்டும்!). மெட்ரோ வேலைத் தூசி ஃபேனுக்குள் குடியிருக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்துச் சுத்தம் பண்ணி, சிப்புக்கு மேல இருக்கிற காய்ந்த பேஸ்ட்டையும் மாத்தச் சொல்லுங்க.

இன்னொரு விஷயம், ஃபிரேம் லிமிட். உங்க ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாத்தும். கேம் 110 ஃபிரேம் தயாரிச்சாலும் கண்ணுக்கு 60-தான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் சூடாகத்தான் மாறுது! 60-க்குக் கட்டிப் போடுங்க. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் விளையாடவே விளையாடாதீங்க. அப்போ லேப்டாப் பாதி உயிரோடதான் ஓடும்.

மொபைல் பார்ட்டிகளுக்கும் இதேதான். பி.ஜி.எம்.ஐ.-யில் கில்லாடிப் பசங்க எல்லாம் கிராபிக்ஸை 'ஸ்மூத்'துக்கு இறக்கி, ஃபிரேம் ரேட்டை ஏத்துவதன் காரணம் புரியுதா? அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குறாங்க. எதை விடணும்னு தெரிஞ்சவன்தான் கடைசி வரைக்கும் நிக்கிறான்!

நாலாவது ஸ்டாப்: கம்பத்துக்குக் கம்பம் கேபிள்

தெருவில் நிமிர்ந்து பாருங்க. கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு கேபிள்கள் கொடி மாதிரி பின்னிக் கிடக்கும். ஆன்லைன் கேமில் நீங்க அழுத்தின பட்டன் அது வழியாத்தான் போகணும். வேலரன்ட் மாதிரி கேமுக்கு நமக்குப் பக்கத்து சர்வர் மும்பையில். நேர்கோட்டில் பார்த்தாலே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்போ போய் வர எப்படியும் 10 மில்லி செகண்ட் ஆகும். கேபிள் சுத்துகிற சுத்தும், நடுவில் இருக்கிற மெஷின்களும் சேர்ந்து அதை இன்னும் ஏத்தும்.

இதுக்கும் கிராபிக்ஸ் செட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை பாஸ்! ஃபிரேம் எண்ணிக்கை நல்லா இருந்து, ஆள் மட்டும் திடீர்னு பத்தடி தாவி நின்னா அது நெட் கோளாறு. வைஃபையை விட்டுட்டு லேன் கேபிளைச் சொருகிப் பாருங்க. புது லேப்டாப்பை வாங்கினாலும் மும்பை ஓர் இன்ச்கூட பக்கத்தில் வராது!

அண்ணன்கள் போட்ட ரோடு

இந்த வித்தை ஒண்ணும் புதுசு இல்லை. 2000-களில் புறநகர் பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடின அண்ணன்களைக் கேளுங்க. டப்பா மானிட்டரில் 800-க்கு 600 ரெசல்யூஷன் வெச்சே உலகத்தை ஜெயிச்சிருக்காங்க. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சதும், அந்த வித்தை கிராமம் வரைக்கும் போச்சு. தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத அந்த மெஷினில் வைஸ் சிட்டி ஓட்டினவங்கதான், செட்டிங்ஸ் மெனுவை ஒவ்வொரு வரியாகப் படிச்ச முதல் தலைமுறை.

கேம் பண்றவங்களும் நம்மளை மறந்துடலை. 2020-ல் வேலரன்ட் வெளியானபோது, அது கேட்ட குறைந்தபட்ச கிராபிக்ஸ் இன்டெல் ஹெச்.டி. 4000. அது 2012-ல் வந்த சிப்! 2021-ல் ஏ.எம்.டி. கொண்டுவந்த எஃப்.எஸ்.ஆர்., சின்ன ரெசல்யூஷனில் வரைஞ்சு பெருசாக்கிக் காட்டும். மற்ற கம்பெனி சிப்பிலும் வேலை செய்யும். மெனுவில் அந்தப் பேர் இருந்தா, 'குவாலிட்டி'யில் வெச்சுப் பாருங்க.

அழகுன்னா 'அல்ட்ரா'தான்னு இன்னும் நினைக்கிறீங்களா? 2023-ல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வைப் பாருங்க. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்ச சமையல் குறிப்பு நோட்டு, இட்லி... அவ்வளவுதான். நிஜம் மாதிரி நிழலோ, பிரதிபலிப்போ எதுவும் இல்லாத கார்ட்டூன் படம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். 2024-ல் பாஃப்டா விருதை அள்ளிட்டு வந்தது!

கடைசி ஸ்டாப்: ரிச்சி தெரு

எல்லாம் பண்ணியும் போதலையா? வேளச்சேரி போய் பறக்கும் ரயில் ஏறுங்க. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், சிப் தனக்கான ஏரியையும் சாதாரண ராமில் இருந்துதான் பங்கு போட்டுக்குது. அதில் ஒரே ஒரு ராம் குச்சி இருந்தால், தண்ணி போக ஒரே வாய்க்கால். ரெண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் ரெண்டு வாய்க்கால். இந்த ஒரு மாற்றத்திலேயே கேம் நல்லா வேகம் பிடிக்கும். ஆனால் எல்லா லேப்டாப்பிலும் அதற்கு இடம் இருக்காது. மாடல் நம்பரைப் பார்த்து உறுதி பண்ணிட்டுக் கிளம்புங்க.

இப்போ ஹோம்வொர்க்! ஒரு வெள்ளைப் பேப்பர் எடுங்க. ஒரே கேம், ஒரே இடம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாத்துங்க. முன்னாடி எத்தனை ஃபிரேம், பின்னாடி எத்தனை ஃபிரேம் என்று எழுதுங்க. ஒரு சாயங்காலம் போதும். பத்துக்கு எட்டு பேருக்கு இதிலேயே வேலை முடிஞ்சிடும்னு பெட் கட்டலாம்.

முடியலைன்னா, எது முட்டுது, எவ்வளவு செலவாகும், ராம் போதுமா, புது மெஷினே வேணுமா என்பதெல்லாம் அந்தப் பேப்பரிலேயே இருக்கும். அதை எடுத்துட்டுப் போய் அப்பா முன்னாடி நில்லுங்க. அப்போ அதுக்குப் பேர் அடம் இல்லை பாஸ்... ப்ராஜெக்ட் ரிப்போர்ட்!