மரத்துக்கு வழிவிட்ட உத்தரம்

வெனிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில், கூரையைத் தாண்டி மரங்கள் வளர்ந்து நிற்கும் கண்காட்சி மண்டபம் இருக்கிறது. அதன் பிரதான கான்கிரீட் உத்தரம் நேராக வந்துகொண்டே இருக்கும். எதிரே ஒரு பெரிய மரம். அந்த இடத்தில் உத்தரம் இரண்டாகப் பிரிந்து, மரத்துக்கு இருபுறமும் ஒதுங்கிப் போகும். டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட், எதிரே வரும் பெரியவருக்கு வழிவிடுவது போல!

பியன்னாலே கலைக் கண்காட்சிக்காக நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றும் சேர்ந்து கட்டிய மண்டபம் அது. 1958-ல் நாட்டுக்கு ஒருவர் என மூன்று கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தது நார்வேக்காரரான ஸ்வெர்ரே ஃபென். கட்ட வேண்டிய மனையில் மரங்கள் நின்றன. வெட்டிவிட்டால் வேலை சுலபம். ஃபென் மரங்களை விட்டுவிட்டுக் கூரையை மாற்றினார்.

இன்னொரு சிக்கல் வெயில். இத்தாலியின் கோடை வெயில் கண்ணைப் பறிக்கும். உள்ளே மாட்டப்போகும் ஓவியங்களோ, நிழலே விழாத வடதேசத்து மங்கிய வெளிச்சத்தில் பிறந்தவை. அந்த வெளிச்சத்தை வெனிஸுக்கு எப்படிக் கொண்டுவருவது? ஒரு மீட்டர் உயரமும் ஆறே சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட கான்கிரீட் பலகைகளை நெருக்கமாக அடுக்கினார். அவற்றின் மேல் குறுக்கே இன்னொரு வரிசை. வெள்ளை சிமென்ட், வெள்ளை மணல், வெள்ளைப் பளிங்குத் தூள் கலந்த கான்கிரீட் அது. வெயில் அந்தப் பலகைகளில் மோதி மோதிச் சலித்துப்போய், மென்மையான வெளிச்சமாகத்தான் தரைக்கு இறங்கும். 1962-ல் மண்டபம் திறக்கப்பட்டபோது ஃபென்னுக்கு 37 வயது.

அவர் பிறந்தது 1924-ல், வெள்ளிச் சுரங்கத்துக்குப் பேர்போன கொங்ஸ்பெர்க்கில். 1949-ல் ஆஸ்லோவில் படிப்பை முடித்தார். இன்னொரு இளைஞரான கெய்ர் குரூங்குடன் சேர்ந்து ஆஸ்லோவின் ஓகெர்ன் பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றைக் கட்டினார். முற்றங்களைச் சுற்றி அறைகள், ஒரே தளம். தள்ளாத வயதில் மாடிப்படியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நடுவில் மொராக்கோ போனார். பெயர் தெரியாத கொத்தனார்கள் எழுப்பிய மண் வீடுகளில்தான் அவருக்குப் பெரிய பாடம் கிடைத்தது. ஐரோப்பிய மேதைகள் கண்டுபிடித்ததாகக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த சுவரும் மொட்டை மாடியும் அந்தக் கிராமங்களில் முன்பே இருந்தன. பிறகு பாரிஸில் கொஞ்ச காலம், ழான் ப்ரூவேயின் அலுவலகத்தில். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் நார்வேயின் அரங்கம் அவருடையது. அது பேசப்பட்டது, கண்காட்சி முடிந்ததும் பிரிக்கவும்பட்டது.

வெனிஸுக்குப் பிறகு வாசலில் வரிசை கட்டி வேலை வந்திருக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? வரவில்லை. சில வீடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொதுக் கட்டடங்கள், அவ்வளவுதான். போட்டிகளுக்கு வரைந்துகொண்டே இருந்தார். பெரும்பாலானவை காகிதத்திலேயே நின்றன. 1971 முதல் 1995 வரை ஆஸ்லோ கட்டடக்கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். கட்டிய கட்டடங்களைவிட அவரிடம் படித்து வெளியேறிய மாணவர்கள்தான் அதிகம்! குடியிருந்த வீடுகூட அவர் வரைந்ததல்ல. அவருக்கு ஆசானாக இருந்த ஆர்னே கொர்ஸ்மோ 1930-களின் தொடக்கத்தில் கட்டிய வீடு அது.

அந்த நீண்ட காலத்தில் அவர் கைக்கு வந்த பெரிய வேலை ஹாமர் நகரத்து அருங்காட்சியகம். பார்க்கப்போனால் வெனிஸைவிட இதுதான் ஒரு படி மேல். ஹாமரில் இடைக்காலத்து ஆயர் கோட்டையின் இடிபாடுகள் இருந்தன. பிற்காலத்தில் யாரோ அந்தச் சுவர்களையே ஆதாரமாக வைத்துப் பெரிய பண்ணைக் கொட்டகை கட்டியிருந்தார்கள். 1967-ல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே வேலை நடந்தது. பழைய சுவரைப் பூசி மெழுகிப் புதிதாக்கவில்லை ஃபென். புதிய சுவரைப் பழையது போல வேஷம் கட்டவும் இல்லை. இடிபாட்டின் மேலே, தூண்களில் தாங்கிய கான்கிரீட் பாதை ஒன்றை ஓடவிட்டார். தோண்டிய மண்ணை மிதிக்காமல், மேலிருந்து பார்த்தபடியே மக்கள் நடந்து போகலாம்.

ஜன்னல்தான் அங்கே அழகு. இடிந்த சுவரில் ஓட்டைகள் கோணல்மாணலாக இருக்கும். கண்ணாடி பொருத்த வேண்டுமென்றால் எவரும் ஓட்டையைச் செதுக்கிச் சதுரமாக்கிச் சட்டம் அடிப்பார்கள். ஃபென் ஓட்டையைவிடப் பெரிய கண்ணாடியை வெளிப்பக்கம் அப்படியே பொருத்திவிட்டார். உடைந்த கல் உடைந்தபடியே நிற்கிறது. மழையும் பனியும் உள்ளே வருவதில்லை. இறந்த காலத்தைத் துரத்தினால் பிடிக்க முடியாது, இன்றைய வேலையை இன்றையதாகவே செய்தால் பழையது தானாகப் பேசும் என்பது அவர் கட்சி. அதனால்தான் அவருடைய கான்கிரீட் அங்கே ஒளிந்துகொள்வதில்லை. பணிவு என்றால் பதுங்குவது என்று அவர் நினைக்கவில்லை.

1991-ல் ஃபியர்லாண்டில் பனியாறு அருங்காட்சியகம். சுற்றிலும் மலை, முன்னே கடல்நீர் நுழைந்த பள்ளத்தாக்கு, மேலே ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனியாறான யோஸ்தடால்ஸ்பிரேன். நடுவே தாழ்வாக ஒரு கான்கிரீட் கட்டடம். வெளிப்படிகளில் ஏறிக் கூரைமேல் நின்றால் மலையைப் பார்க்கலாம்.

கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 1997-ல் வந்தது. அப்போது அவருக்கு 72 வயது. விழா நடந்த இடம் ஸ்பெயினின் பில்பாவோ. ஃப்ராங்க் கெரியின் டைட்டானியத் தகடு போர்த்திய குகன்ஹைம் அருங்காட்சியகம் அங்கே திறப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. உலகமே படம் எடுக்கப்போகும் அந்தப் பளபளப்பு மாளிகையில், மரத்துக்காக உத்தரத்தைப் பிரித்தவர் பரிசு வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கோபன்ஹேகனில் அரச நாடக அரங்குக்கான போட்டியில் ஜெயித்திருந்தார். அதுவும் கட்டப்படவில்லை. பரிசு வந்த பிறகும் அவர் வரைந்தபடி எழவில்லை.

கடைசியாகக் கிடைத்தது ஆஸ்லோவின் நடுவே, 1830-ல் கட்டிய பழைய வங்கிக் கட்டடம். நார்வேயின் கட்டடக்கலை அருங்காட்சியகமாக அதை மாற்ற வேண்டும். வங்கியை வங்கியாகவே வைத்துக்கொண்டு, பக்கத்தில் கண்ணாடி மண்டபம் ஒன்றைச் சேர்த்தார். அதைச் சுற்றிக் கான்கிரீட் மதில். 2008 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தது. முதல் கண்காட்சியே ஃபென்னின் படைப்புகள்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், 84-வது வயதில் அவர் காலமானார்.