காளவாசலில் ஒரு காம்பவுண்டு வீடு

மதுரை காளவாசல் சிக்னலிலிருந்து பெத்தானியாபுரம் பக்கம் திரும்பினால் சந்துக்குச் சந்து 'வீடு காலி' அட்டை தொங்குகிறது. பாதி அட்டையில் 'ஒத்திக்கு' என்றிருக்கிறது. லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கையில் பணம் இருப்பவருக்கு அது லாபம்தான். வீடு தேடி என்னோடு வந்த அக்கா ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்ப்பவர். அவருக்கு மாத வாடகைதான் வழி.

குறைந்த வாடகை என்றால் இங்கே காம்பவுண்டு வீடு. ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஓர் அடுப்படி. கக்கூஸும் குளிக்கிற இடமும் எல்லோருக்கும் பொது.

அப்படி ஒன்றில் வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து காட்டியபடியே சொன்னார்: "வாடகை 4,500. அட்வான்ஸ் ஐம்பதாயிரம். கரண்டு யூனிட்டுக்கு எட்டு ரூபா, தண்ணிக்குத் தனி. எத்தனை பேரு? கறி, மீனு சமைப்பீங்களா?" கொஞ்சம் நிறுத்தி, "நீங்க என்ன ஆளுங்க?"

முந்தைய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன அக்கா, கடைசிக் கேள்விக்கு "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று வெளியே வந்துவிட்டார். பல வாடகைப் பேச்சு முறிவது இந்த இடத்தில்தான், பணத்தில் அல்ல.

கரண்டு கணக்கும் எனக்கு உறுத்தியது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிறது அரசு. ஒரே இணைப்பிலிருந்து பல குடித்தனத்துக்கு உள்மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்கினால், அந்த இலவசம் வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது.

அரசுக் குடியிருப்பு இல்லையா என்று கேட்கலாம். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. மதுரைக்குக் கிழக்கே ராஜாக்கூரில் அதன் அடுக்குமாடிகள் இருக்கின்றன. ஒதுக்கீடு கிடைத்தாலும், இரவு கடை அடைத்தபின் அக்கா அவ்வளவு தூரம் எப்படிப் போவார்? வேலைக்கு நடந்துபோகும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் ஏழைகள் வாடகை கொடுக்கிறார்கள்.

அடுத்த சந்தில், சம்மட்டிபுரம் போகிற வழியில், பேசிப் பார்த்ததில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு இறங்கியது. அது சலுகையல்ல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது.

ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸை நீட்டாதீர்கள். வீடு எவ்வளவு சின்னதானாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.