கண் மூடியவர்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் நாட்காட்டியைப் பார்க்கவே அச்சமாக இருக்கும். 2025ஆம் ஆண்டின் கோடையோ எல்லாவற்றையும் ஒரே மாதத்துக்குள் திணித்துக்கொண்டு வந்தது. கல்லூரியில் பருவத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி. மகளின் பிளஸ் டூ முடிவு. அப்பாவின் வலக்கண்ணில் புரை நீக்கும் அறுவை. மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தம். இவற்றுக்கு நடுவே ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரும் எரிந்து போயிற்று. போதாக்குறைக்கு, 29 ஆண்டுகளுக்குப் பிறகு பத்தாம் வகுப்புத் தோழர்களின் ஒன்றுகூடல்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது சில இடங்களில் எங்கள் குடும்பம், சில இடங்களில் எங்கள் வகுப்பு. பிரித்துக்கொள்வதை வாசகரிடமே விட்டுவிடுகிறோம். இலக்கணம் நடத்திப் பிழைப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு கண் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை விலக்கி நிறுத்தினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் முதலாண்டு மாணவர் யாராவது எழுந்து, "இந்த வேறுபாட்டால் என்ன பயன்?" என்று கேட்பதுண்டு. ஏதோ ஒரு விடை சொல்லிச் சமாளித்து வந்தோம். இந்தக் கோடையில்தான் சரியான விடை கிடைத்தது.

செம்பரம்பாக்கம் என்பது சென்னைக்காரர்களுக்கு ஊரன்று, ஓர் எண். மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, முழு உயரம் 24 அடி, இன்றைய இருப்பு இவ்வளவு என்று நாளிதழில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியும் நசரத்பேட்டையும் தாண்டினால் எங்கள் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். இந்தப் பக்கம் சற்றுத் தள்ளி ஆழ்வார் பிறந்த திருமழிசை. பெரியபுராணத்துக்கும் திவ்வியப் பிரபந்தத்துக்கும் நடுவே ஓர் ஏரி என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது முதலில் பாசன ஏரி. நகரத்தின் தாகமெல்லாம் அப்புறம்தான். ஏரிக்கரை மேல் சைக்கிள் மிதித்தால் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நெல்.

நாங்கள் பத்தாவது முடித்த 1996ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் கிருஷ்ணா நீர் முதன்முறையாகத் தமிழக எல்லைக்கு வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2007இல் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஏரிக்கருகே செயல்பாட்டுக்கு வந்தது. வயல்கள் மனைகளாயின. எங்கள் வகுப்பு கலைந்த அதே ஆண்டுகளில் ஊரும் கலைந்து வேறாகியது. வேலையை முன்னிட்டு இருபது ஆண்டுகள் அம்பத்தூர்ப் பக்கம் குடியிருந்துவிட்டு, அப்பாவுக்குத் துணையாக 2021இல் இங்கே திரும்பினோம். தெருக்கள் அதேதான். முகங்கள்தாம் பிடிபடவில்லை.

மோட்டார் எரிந்ததால் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி வந்தது. ஏரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குவதைப் பார்த்து மகள் சிரித்தாள். லாரிக்காரர் அதிகம் பேசமாட்டார். குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் விடுவார், அப்பாவைக் கண்டால் "ஐயா, கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்பார்; எங்களைத் தெருவில் எல்லோரும் அழைப்பதைப் போல "டீச்சர்" என்பார்; பணத்தை எண்ணிப் பாராமல் பையில் வைத்துக்கொள்வார். மொட்டை மாடியில் கூழ் வற்றல் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாளில், லாரி பின்வாங்கும்போது எழுந்த புழுதியைப் பார்த்து அவரைக் கொஞ்சம் கடிந்துகொண்டோம். "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நீளக் குழாய் போட்டார்.

ஒன்றுகூடலுக்கான வாட்ஸப் குழுவைத் தொடங்கியவர்கள் வேறு நண்பர்கள். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை எங்களிடம் வந்தது. தமிழ் படித்தவர்களிடம் ஊர் ஒப்படைப்பது இத்தகைய வேலைகளைத்தானே. எங்களிடம் 1996ஆம் ஆண்டின் தேர்ச்சிப் பட்டியலின் நகல் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து 31 பெயர்களை அடித்து அனுப்பினோம். இருவர் இறந்துவிட்டனர், ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லை, 28 பேர் குழுவில் சேர்ந்தார்கள். மே 11, ஞாயிற்றுக்கிழமை, திருமழிசையில் ஒரு சிறு மண்டபம். சாப்பாடு, நினைவுப் பரிசு, ஆசிரியர்களுக்குப் பொன்னாடை என்று எல்லாம் ஒழுங்காக நடந்தேறிக்கொண்டிருந்தது.

அப்போது சைதாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட தோழி ஒருத்தி குழுவில் கேட்டாள்: "நம்ம குரூப் போட்டோ யார்கிட்டயாவது இருக்கா? என்னோடது 2015 வெள்ளத்துல போயிடுச்சு. மார்க் ஷீட், கல்யாண ஆல்பம் எல்லாமே போயிடுச்சு."

பரணில் ஏறினோம். வற்றல் பிழியும் அச்சைத் தேடி ஏறியபோதெல்லாம் கண்ணில் படாத பழைய தோல்பெட்டி அன்று கையில் தட்டுப்பட்டது. அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். வேப்பமரத்தடியில் பெஞ்சுகள், நடுவில் ஆசிரியர்கள், பெண்கள் தரையில் இரண்டு வரிசை, பையன்கள் பெஞ்சின் மேல் இரண்டு வரிசை. மகள் விரல் வைத்து எண்ணினாள். மாணவர்கள் 46 பேர்.

"உங்க லிஸ்ட்ல 31தானேம்மா இருந்தது?"

அவள் கேட்கும்வரை எங்களுக்கு அது உறைக்கவேயில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேறாத பதினைந்து பேரின் பெயர்களை 29 ஆண்டுகளாக ஒருவரும் எழுதவில்லை. எழுத வாய்ப்புக் கிடைத்தபோது எங்கள் கையே அவர்களை விட்டுவிட்டது.

குழுவில் படத்தைப் போட்டு, இவர்களையும் அழைக்க வேண்டாமா என்று கேட்டோம். நெடுநேரம் பதிலில்லை. பிறகு ஒருவர், "அவங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும்" என்று எழுதினார். அதற்குப் பலர் கட்டைவிரல் காட்டினார்கள். யாருக்குச் சங்கடம் என்று எண்ணியபடி அன்றிரவு விடைத்தாள் திருத்தினோம். 28 மதிப்பெண்ணில் நின்ற ஒரு தாளைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தோம். கூட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் நெடுநேரம் அதை மூடி வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் அப்பாவிடம் படத்தைக் கொடுத்தோம். அறுவை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேளைதோறும் சொட்டு மருந்து விடக் கைப்பேசியில் மணி அடித்தபடி இருந்த நாட்கள் அவை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கைநீள தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஊரில் அரை நூற்றாண்டு மளிகைக் கடை வைத்திருந்தவர். முகங்களைத் தகப்பன் சாடையைக் கொண்டு அடையாளம் காண்பார். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று சொல்லிக்கொண்டே போனவர், கடைசி வரிசை ஓரத்தில், கண்ணை மூடிக்கொண்டிருந்த பையனிடம் நின்றார்.

"இது மதகு லஸ்கர் மகன். இவனைத் தெரியலையா உங்களுக்கு? தண்ணி கொண்டாந்து போடுறானே!"

ஏரியில் 5 கண் மதகு, 19 கண் மதகு என்று இரண்டு உண்டு. அவற்றைக் காவல் காத்து, உத்தரவு வந்தால் ஏற்றி இறக்கும் பணியாளருக்கு லஸ்கர் என்று பெயர். பள்ளி நாட்களில் லஸ்கர் மகன் என்றால் எங்களுக்கு ஒரு மரியாதையே இருந்தது. ஏரியின் சாவி அவர்கள் வீட்டில் இருப்பதாக நம்பியிருந்தோம்.

அடுத்த முறை லாரி வந்தபோது வாசலில் நின்றோம். அக்காலத்தில் வகுப்பில் பெண்களும் பையன்களும் பேசிக்கொண்டதே கிடையாது. 'வா' என்பதா, 'வாங்க' என்பதா என்றே விளங்கவில்லை.

"நீங்க... பத்தாவது எங்ககூடத்தான் படிச்சீங்களா?"

குழாயைச் சரிசெய்துகொண்டே, "ஆமா டீச்சர்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"என்னத்த சொல்றது டீச்சர், தண்ணி போட வந்த எடத்துல."

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்றோம். லோடு இருக்கும் என்றார். வருகிறேன் என்றோ, வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. ஆனால் தமக்குத் தெரிந்த இன்னும் மூவரின் எண்களைக் கொடுத்தார். குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களில் இருவரே மேலும் இருவரைத் தேடிப் பிடித்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் பூ வாங்கப் போன பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில், பூக்கட்டிக்கொண்டிருந்தவளே எங்கள் இரண்டாம் வரிசைக்காரி என்று கண்டது தனிக்கதை. ஆக ஏழு பேர் கிடைத்தார்கள்.

மே 8ஆம் தேதி மகளின் முடிவு வந்தது. நல்ல மதிப்பெண்தான். அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அன்று முழுவதும் பொறியியலா, வணிகவியலா என்று வீடு இரண்டுபட்டது. அந்தக் களைப்போடுதான் ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். கண்டுபிடித்த எழுவரில் நால்வர். அந்த நால்வரில் லஸ்கர் மகன் நண்பகலுக்குப் பிறகுதான் வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. ஒவ்வொருவராக எழுந்து தாம் இன்ன வேலையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவர் முறை வந்தது. "நான் பத்தாவது பாஸாகல. தண்ணி லாரி ஓட்டுறேன். சொந்த வண்டி" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். கை தட்டுவதா வேண்டாமா என்று அவை விழித்தது. முன்வரிசையில் இருந்த கணக்கு ஆசிரியர், எண்பதை நெருங்கியவர், தலையைத் திருப்பிக் கேட்டார்:

"எத்தனைப்பா எடுத்தே?"

"கணக்குல இருபத்தெட்டு சார். மத்ததெல்லாம் பாஸ்."

"ஏழு மார்க்." அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அந்த ஜூன் மாசம் வீட்டுக்கு வந்து உன்னக் கையோட கூட்டிட்டு வந்திருக்கணும் நான். வரல."

1996 ஜூனில் சென்னை வட்டாரத்தில் பருவம் தப்பி அடைமழை கொட்டியது. நாங்கள் நனைந்துகொண்டே போய்ச் சான்றிதழும் குழுப்படமும் வாங்கி வந்தோம். தேறாதவர்கள் வரவில்லை. அவர்கள் படங்கள் தலைமையாசிரியர் அறையில் எத்தனை நாள் கிடந்தனவோ!

மண்டபச் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அதன் முன்னால் நின்றார். வரிசை வரிசையாகத் தேடி ஓரத்தில் தம்மைக் கண்டுகொண்டார்.

"கண்ண மூடிட்டனா!" என்று உரக்கச் சிரித்தார். "இத நான் பாத்ததே இல்ல டீச்சர். அன்னைக்கு வெயில் மூஞ்சில அடிச்சுது."

சைதாப்பேட்டைத் தோழியும் பக்கத்தில் வந்து நின்றாள். பேச்சு எப்படியோ 2015 டிசம்பர் முதல் தேதி இரவுக்குப் போனது. ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்ட இரவு. அடையாற்றங்கரை முழுவதும் தூக்கத்தில் நனைந்தது. மாடிப்படியில் பிள்ளைகளோடு விடிய விடிய உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். "உங்க ஏரி எங்கள ஒரே ராத்திரில ஒண்ணுமில்லாம ஆக்கிடுச்சு" என்றாள்.

அவள் இந்த ஏரித்தண்ணீரில் நீந்தப் பழகியவள். படத்தைக் கேட்டபோது 'நம்ம' என்று எழுதியவள், ஏரியைச் சொல்லும்போது 'உங்க' என்றாள். நாங்கள் வாயடைத்து நின்றோம். லஸ்கர் மகன்தான் மெதுவாகச் சொன்னார்:

"எங்கப்பா அப்ப ரிட்டயராகி வீட்ல இருந்தாரும்மா. ரா முழுக்கத் தூங்கல. கீழ எத்தன குடும்பமோன்னு அனத்திக்கிட்டே கெடந்தாரு. மதகு தூக்கறது லஸ்கரு, ஆனா முடிவு லஸ்கருது இல்லம்பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா இருக்காரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, போயிட்டாரு" என்றார். பிறகு இருவரும் பழைய மதகடிப் புளியமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு பட்டியலை மறுபடி தட்டச்சு செய்தோம். இம்முறை 46 பெயர்கள், வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசைப்படி. எட்டுப் பேரைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை; ஆனாலும் பெயர் இருக்கிறது. வரும் ஜூனில் முதலாண்டு மாணவர் எவரேனும் 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டின் பயனைக் கேட்டால், யாரைக் கணக்கில் சேர்த்தோம், யாரை வெளியே நிறுத்தினோம் என்பதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லலாம்.

மே 16ஆம் தேதி பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாயின. மோட்டார் சரியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. இருந்தும் மாலையில் லாரி வாசலில் வந்து நின்றது. கையில் இனிப்புப் பெட்டியோடு இறங்கினார். "பொண்ணு பாஸ் டீச்சர். கணக்குல எழுபத்தொண்ணு." அப்பா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, குரூப் போட்டோ எடுத்தார்களா என்று கேட்டார்.

"எடுத்தாங்க ஐயா. பரிட்சைக்கு முன்னாடியே பணம் கட்டி வாங்கிட்டேன்" என்றார். கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். மூன்றாம் வரிசையில் அந்தப் பெண் கண்களை அகலத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.